வலது தோள் பூ

அந்தப் பெட்டியை அபிராமி அன்றைக்கு எத்தனை முறை திறந்து மூடினாள் என்று அவளுக்கே தெரியாது. திறப்பாள். மேலே இருப்பதை எடுத்து அடியில் வைப்பாள், அடியில் இருப்பதை எடுத்து மேலே வைப்பாள். மூடி ஜிப்பை இழுப்பாள். அப்புறம் எழுந்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் போய் நிற்பாள். அங்கே கொடியில் கிடக்கும் துணிகளை ஆடிக் காற்று ஒரு நிமிஷம் சும்மா விடாது. துணி ஒன்று கம்பியைச் சுற்றிக்கொள்ளும், ஒன்று பிரிந்து படபடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாமல் மறுபடி உள்ளே வந்து பெட்டியைத் திறப்பாள்.

இத்தனைக்கும் அவள் போவது இன்னும் முடிவாகவில்லை, கண்ணுகளா. டிக்கெட் வந்துவிட்டது. விசா வந்துவிட்டது. தடுப்பூசி போட்டுக் கையும் வீங்கிவிட்டது. ஆனாலும் முடிவாகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலிபாளையத்துக்கு அந்தப்புறம், தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது அவர்கள் வீடு. அப்பா மாரப்பன். அம்மா நஞ்சம்மாள். அண்ணன் மகுடேஸ்வரன் வேலம்பாளையத்தில் பனியன் யூனிட் வைத்து, அங்கேயே குடும்பத்தோடு இருக்கிறான். அபிராமிக்கு நாற்பதை நெருங்குகிற வயது. சாயப்பட்டறைகளிலிருந்து வரும் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நிலையம் ஒன்றில் லேப் இன்சார்ஜ். கறுப்பாக, நீலமாக, ரத்தச் சிவப்பாக வருகிற தண்ணீரைக் குப்பியில் பிடித்து, சோதித்து, தெளிந்து வெளியே போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. நல்ல வேலைதான். ஆனால் செய்யச் செய்ய அவளுக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது. எல்லாம் கெட்ட பிறகு கழுவுகிற வேலை இது. கெடாமல் காக்கிற வேலையை ஒரு தடவையாவது செய்து பார்த்துவிட வேண்டும்.

ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு நாடு. பெரிய ஏரி ஒன்று அதன் நீளத்துக்குக் கிடக்கிறது. அந்த ஏரிக்கரை ஊர்களில் குடிக்கிற தண்ணீரைச் சோதிக்கவும், அங்கே இருக்கிற பெண்களுக்கே அந்தச் சோதனையைப் பழக்கிக் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு கேட்டிருந்தது. இரண்டு வருடம். சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் உண்டு. அபிராமி எழுதிப் போட்டாள். அவளையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் நஞ்சம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாரப்பன் வாசலிலிருந்து எழுந்து வந்தார். பிறகு சொன்னார்:

"டிக்கெட்டு எடுத்துக்கங்க கண்ணு. நான் ஒண்ணும் குறுக்க நிக்கல. ஆனா அம்மன்கிட்ட ஒரு வார்த்தை பூக் கேட்டுருவோம். அவ சரீன்னா நானும் சரி."

பூக் கேட்பது என்றால் நம் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அம்மன் சிலையைக் கழுவி, ஈரத்தோடு இரண்டு தோளிலும் ஒவ்வொரு பூவை ஒட்ட வைப்பார் பூசாரி. வலது தோளில் வெள்ளை, இடது தோளில் சிவப்பு. மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டு எதிரே உட்கார வேண்டியதுதான். வலது பூ விழுந்தால் அம்மன் சம்மதம். இடது விழுந்தால் வேண்டாம் என்கிறாள். கிணறு வெட்டவும் கேட்பார்கள், கல்யாணத்துக்கும் கேட்பார்கள். மாரப்பன் எல்லாவற்றுக்கும் கேட்பார். ஒரு நாளும் அவர் பூவை மீறியதில்லை.

அபிராமிக்காக ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடித்துச் சென்னையில் பெரிய காலேஜில் இடம் கிடைத்தபோது இடது பூ விழுந்தது. அவள் உள்ளூரிலேயே படித்தாள். ராயபுரத்து நூல் வியாபாரி வீட்டில் சம்பந்தம் வந்தபோது, உட்கார்ந்த சூட்டோடு வலது பூ விழுந்தது. கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக் கதை நமக்கு வேண்டாம். அவள் தன் துணிமணியோடு திரும்பி வந்துவிட்டாள், அது போதும்.

இப்போது மூன்றாவது முறை. அவளுக்குப் பூவில் நம்பிக்கை கிடையாது. கண்ணாடிக் குப்பியில் கண்டதை நம்புகிறவள் அவள். ஆனால் அப்பா வேண்டாம் என்றால் போவதில்லை என்று தனக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். பயந்துகொண்டு அல்ல. அத்தனை தூரத்தில் போய், இங்கே ஒரு மனுஷர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்போடு அவளால் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடச் சோதிக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

மாரப்பனோ கோயிலுக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தார். அமாவாசை கழியட்டும் என்றார். ஆடி வெள்ளி வரட்டும் என்றார். நாளைக்கு ஆடி வெள்ளி. அதனால்தான் பெட்டி திறந்து திறந்து மூடியது.

அந்த நேரத்தில்தான் மகுடேஸ்வரன் காரை நிறுத்திவிட்டு இரண்டு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிரித்தால் உள்ளே முழுக்க ஹூடி. தொப்பி வைத்த, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற பனிக்காலத்துச் சட்டைகள்.

"இதெல்லாம் எங்கீங்ண்ணா கொண்டு போறது?"

"அங்க இருக்கற கொழந்தைகளுக்குக் குடு. எக்ஸ்போர்ட் குவாலிட்டி. கலர்ல ஒரு பொடி வித்தியாசம்னு பையர் வேண்டாம்னுட்டான்."

"அங்க நம்மூரு மாதிரி வெயிலடிக்குதுங்ண்ணா."

"அப்ப ஏசி போட்டுக்கச் சொல்லு."

நஞ்சம்மாள் உள்ளேயிருந்து சிரித்தாள். சிரித்ததற்குத் தன்னையே கோபித்துக்கொண்டவள் போல உடனே முறுக்கு டப்பாவை ஓங்கி வைத்தாள்.

"சம்பளம் குடுக்காத கம்பெனிக்குப் பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போறவள இப்பத்தான் பாக்கறேன். எங்கிட்ட வேலை பாக்கற ஒடிசாப் பசங்ககூட ரெண்டு நாளு சம்பளம் லேட்டானா மெஷின ஆஃப் பண்ணிருவானுங்க அம்மிணி" என்றான் மகுடேஸ்வரன்.

"அப்ப மொதல்ல அவங்க சம்பளத்த நேரத்துக்குக் குடுங்ண்ணா" என்றாள் அபிராமி.

"ஆடி மாசத்துல பொண்ணு பயணம் கெளம்பறாளாம்" என்று நஞ்சம்மாள் தொடங்கினாள். "ஒறம்பரை சொந்தபந்தம் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஆவணியில போறான்னு சொல்லுங்கம்மா" என்றான் மகுடேஸ்வரன்.

"ஒறம்பரைக்குச் சொல்லலாம். அம்மனுக்கு யாரு பொய் சொல்றது?"

மாரப்பன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் இது விழுந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அபிராமி ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் மாரப்பன் உட்கார்ந்து போனார்கள். செல்லாண்டியம்மன் கோயில் சின்னதுதான். தகரக் கூரை, ஒரு வேப்பமரம். முன்பு சுற்றிலும் சோளக்காடு. இப்போது ஒரு பக்கம் நிட்டிங் ஷெட் வந்துவிட்டது. உள்ளே மெஷின் சுற்றுகிற சத்தம் விடாமல் கேட்கும். மாரப்பன் வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார். எப்போதும் அப்படித்தான் வைப்பார்.

பூசாரி குருசாமி சிலையைக் கழுவி, வலது தோளில் நந்தியாவட்டையையும் இடது தோளில் செவ்வரளியையும் ஒட்டினார். மாரப்பன் கண்ணை மூடி உதட்டை அசைத்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தால் அவர் கல் மாதிரி.

அபிராமியால் உட்கார முடியவில்லை. தூணில் சாய்ந்தாள். நிமிர்ந்தாள். மணிக்கட்டில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் கட்டினாள். இரண்டு பூவும் அசையவில்லை. தகரக் கூரையைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. விழு, ஏதாவது ஒன்று விழு என்று அவளுக்கு இருந்தது. எதுவும் விழாமல் இப்படியே இருப்பதற்கு, வேண்டாம் என்றாலும் பரவாயில்லை போல இருந்தது. உடனே, ஐயோ, அப்படி நினைத்துவிட்டோமே என்று இருந்தது.

அப்போது போன் அடித்தது. டெல்லியிலிருந்து அந்த அமைப்பின் ஒருங்கிணைப்பாளர். கூரைக்குக் கீழே சிக்னல் இல்லை. "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து, வேலியைத் தாண்டி, நிட்டிங் ஷெட் ஓரத்து மேட்டில் ஏறி நின்றாள். இன்றைக்குள் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்றார் அந்தம்மாள். அங்கே வீடு பிடித்தாகிவிட்டது, ஆள் வருகிறார் என்று அந்த ஊரில் சொல்லியாகிவிட்டது. "கொஞ்ச நேரம், கொஞ்ச நேரத்தில் நானே கூப்பிடுகிறேன்" என்று அபிராமி இங்கிலீஷில் மூன்று விதமாகச் சொன்னாள்.

திரும்பி ஓடி வந்தபோது மாரப்பன் வாசப்படியில் நின்றுகொண்டிருந்தார். வலது உள்ளங்கையை நீட்டினார். அதில் வெள்ளைப் பூ.

"விழுந்துருச்சுங்களாப்பா?"

"போயிட்டு வாங்க கண்ணு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு வேறென்ன வேண்டும்? பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், நம்பாதவள். மேட்டுக்கே மறுபடி ஓடி டெல்லிக்குப் போன் போட்டாள். பூசாரிக்குத் தட்சிணை கொடுக்க வேண்டுமென்பதுகூட நினைவில்லை. குருசாமியும் வெளியே வரவில்லை. அப்பா வெறுங்காலோடு ஸ்கூட்டரில் ஏறியதை அவள் பார்க்கவே இல்லை.

பார்த்தது நஞ்சம்மாள்தான்.

"செருப்பு எங்கீங்க?"

"அங்கதான் கெடக்கும்."

"கெடக்கும்னா? இன்னேரம் ஷெட்டுக்காரன் எவனாச்சும் மாட்டிட்டுப் போயிருப்பான்."

"போனா போகட்டும் உடு."

அதற்கப்புறம் வந்த நாட்கள் பறந்தன. லேபில் தன் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று மறுபடி போன் போடுவாள். டவுனுக்குப் போய் டார்ச் லைட் வாங்கினாள். மறுநாள் போய்க் கொசுவலை வாங்கினாள். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்தாள். தூக்கத்திலும் எதையோ மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டியவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

டவுனுக்குப் போனபோது அப்பாவுக்கு ஒரு ஜோடி தோல் செருப்பும் வாங்கி வந்தாள். பெட்டியைத் திறந்து காலடியில் வைத்தாள். அவர் குனிந்து தோலைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க கண்ணு. வெச்சிருங்க. அப்புறமாப் போட்டுக்கறேன்."

"இப்பப் போட்டுத்தான் பாருங்களேன். அளவு சரியில்லைன்னா மாத்திட்டு வந்தர்றேன்."

"எல்லாம் சரியா இருக்கும்."

பெட்டி அலமாரிக்கு மேலே போய்விட்டது. அவர் வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போனார். வெறுங்காலோடு, விடிந்ததும் விடியாததுமாகக் கோயிலுக்கும் போனார். குதிகாலில் வேலிமுள் ஏறி ஒரு பக்கமாக நொண்டினார். நஞ்சம்மாள் ஊக்கை வைத்து முள்ளைத் தோண்டிக்கொண்டே திட்டினாள். "பொண்ணு பிளேன் ஏறப் போறா. அப்பனுக்குச் செருப்புப் போடத் தெரியல." அவர் காலை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முந்தின நாள். வெயில் சாய்ந்து வந்த நேரம். நஞ்சம்மாள் ஒரு புதுச் சேலையை மகள் கையில் கொடுத்தாள். மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை போட்டது.

"அம்மன் வாய் தெறந்து உத்தரவு குடுத்திருக்கறா. வெறுங்கையோட போகக்கூடாது. குருசாமிகிட்டக் குடுத்து நாளைக்கிச் சாத்தச் சொல்லிட்டு, ஓடியாந்துரு."

கோயிலில் குருசாமி விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். அபிராமியைப் பார்த்ததும் எழுந்தார். சேலையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது எதுக்குங்க அம்மிணி?"

"அம்மா குடுத்துச்சுங்க. வலது பூக் குடுத்ததுக்கு."

"என்னால வாங்க முடியாதுங்க."

"ஏனுங்க, தீட்டு கீட்டு ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லீங்க." துடைத்த விளக்கையே மறுபடி துடைத்தார். "உங்கப்பாவக் கேட்டுக்கங்க."

"அப்பாவ என்னான்னு கேக்கறது? நீங்க சொல்லுங்க."

குருசாமிக்கு மறைத்து வைக்கிற மனசு கிடையாது. சொல்லாமல் இருந்த இத்தனை நாளும் அவருக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியிருக்காது. சிலையின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"எடது பூதானுங்க விழுந்துச்சு. செவ்வரளி. நீங்க போன் பேசப் போன சித்த நேரத்துல விழுந்துச்சு. நான், வேண்டாங்கறா அம்மன்னு சொல்றதுக்கு வாயெடுத்தேன். அதுக்குள்ள உங்கப்பா எந்திரிச்சு உள்ள வந்தாருங்க. செவப்ப எடுத்து மடியில கட்டினாரு. வலது தோளுப் பூவக் கையில எடுத்துட்டாரு."

"அவரேவா?"

"அவரே. அம்மன் மேல கைய வெச்சு. நான் பொறந்து வளந்ததே இந்தக் கோயல்லதானுங்க. ஒருத்தரு அப்படிப் பண்ணி நான் பாத்ததில்ல. எனக்கு நாக்கு எழும்பல. அப்புறம் விழுந்து கும்புட்டாரு பாருங்க, எந்திரிக்கவே இல்ல."

அபிராமி வேப்பமரத்தடியைப் பார்த்தாள். அப்பாவின் பழைய செருப்பு அங்கேதான் இருந்தது. யாரும் எடுத்துப் போகவில்லை. இரண்டையும் சேர்த்து, ஓரமாக, அன்றைக்கு வைத்தபடியே. மேலே வேப்பிலைச் சருகு விழுந்து கிடந்தது.

சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்கூட்டரைத் தோட்டத்துக்கு விட்டாள். வழியெல்லாம் காற்று எதிரே தள்ளியது. அவளுக்குச் சிரிப்பாக வந்தது, பயமாகவும் வந்தது. பூவாவது ஒன்றாவது என்று இத்தனை வருஷம் சொன்னவள். இப்போது அந்தச் சிவப்புப் பூ அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அவள் நம்பவில்லை. ஆனால் அப்பா நம்புகிறார். தெய்வக் குற்றம் செய்துவிட்டோம் என்று தெரிந்தே அந்த மனுஷர் இத்தனை நாளும் சோறு தின்றிருக்கிறார், தூங்கப் படுத்திருக்கிறார், அவள் வாங்கி வந்த டார்ச் லைட்டை எரிகிறதா என்று போட்டுப் பார்த்திருக்கிறார்.

மாரப்பன் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீரை இப்போது எருமைகூடக் குடிக்காது. அபிராமி பாவாடை கட்டிய வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டிப் பார்த்தபோது தண்ணீர் சாயம் இறங்கி ஊதாவாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று கூவினாள். அப்பா அன்றைக்கு அவளைப் பார்த்த பார்வையை அவள் மறந்ததில்லை. லாரித் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய தென்னைகள் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன.

"எந்தப் பூவுங்கப்பா விழுந்துச்சு?"

அவர் திரும்பவில்லை. கக்கத்துச் சேலையை மட்டும் கடைக்கண்ணால் பார்த்தார்.

"குருசாமி வாய் நிக்கலையாக்கும்."

"அம்மன் மேல கை வெச்சீங்களாமா?"

"வெச்சேன்."

"ஏனுங்ப்பா இப்படிப் பண்ணுனீங்க?"

அவர் பக்கத்துக் கல்லைத் தட்டினார். அவள் உட்காரவில்லை. நின்றால் கால் நடந்தது, நடந்தால் நின்றது.

"காத்துல விழுந்திருக்கும்ப்பா" என்றாள். "ஆடிக் காத்து. ஈரம் காஞ்சா எந்தப் பூவும் விழுகும். இதுக்கு நீங்க இப்படி நொந்துக்கறது எனக்குப் பொறுக்கல. அது வெறும் காத்து."

"இருக்கலாம்."

"அப்புறமென்னுங்க?"

"காத்துன்னு நான் சொல்லீட்டன்னா, இதுக்கு முன்னால விழுந்ததெல்லாம் என்னாகறதுங்க கண்ணு? உங்கள மெட்ராசுக்குப் படிக்க அனுப்பாம வெச்சது காத்தா? அந்த ராயபுரத்து ஊட்டுல கொண்டு போய்த் தள்ளுனது காத்தா?" நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்படி நெனச்சா நான் உசுரோட இருக்க முடியாது. அதனால அது அம்மன்தான். அம்மன் வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல. அதாங்க நடந்தது. அப்படியே இருக்கட்டும்."

அபிராமி நடப்பதை நிறுத்தினாள்.

"ரெண்டு தடவ அவ சொன்னதக் கேட்டேன். ரெண்டு தடவயும் அனுபவிச்சது நீங்க. நானா அனுபவிச்சேன்? வாசல்ல கட்டல்ல உக்காந்துட்டு இருந்தேன். இந்தத் தடவ நீங்க போங்க. அவ கோவத்த நான் அனுபவிச்சுக்கறேன். சொல்லிட்டேன் அவகிட்ட. எது வந்தாலும் எம்மேல வரட்டும், புள்ள மேல நெழலுகூட உழுகக் கூடாதுன்னு. நீங்க திரும்பி வந்து நம்மூட்டு வாசல்ல கால் வெக்கற வரைக்கும் செருப்புப் போடறதில்லைன்னும் சொல்லிட்டேன்."

"ரெண்டு வருசம்ப்பா."

"இருக்கட்டும்."

"இந்த முள்ளுக்காட்டுல."

"நான் பொறந்த காடுங்க."

அவள் போனை எடுத்தாள். "நான் போகல. இப்பவே சொல்லிடறேன். அவங்களுக்கு வேற ஆளு கெடைப்பாங்க. நீங்க இப்படி நடந்துட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சு அங்க என்னால இருக்க முடியாது."

"சொல்லிருங்க" என்றார் மாரப்பன், கோபமில்லாமல். "சொல்லீட்டு வந்து வண்டிய எடுங்க, என்னயக் கோயலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் அவகிட்டப் போய்ச் சொல்லோணுமல்ல. தாயி, சும்மாதான் உம்மேல கைய வெச்சேன், பொண்ணு போகவே இல்லைன்னு."

காற்று தென்னை மட்டையை உரசிக்கொண்டு போயிற்று. அவள் கையில் டெல்லி எண் வெளிச்சமாகத் தெரிந்துகொண்டே இருந்தது, பிறகு திரை தானாக அணைந்தது. அவள் அதை மறுபடி எழுப்பவில்லை.

இத்தனை நாளும் அவள் அப்பாவின் சம்மதத்துக்காகத்தான் தவித்தாள். அது கோயில் வாசப்படியில் ஒரு வெள்ளைப் பூவாகக் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தாள். அப்போது கைக்கு வந்தது பூ மட்டும்தான். சம்மதம் இப்போதுதான் வந்தது, அதன் கனத்தோடு. வேண்டாம் என்று சொல்ல முடியாத கனம்.

அவள் கல்லில் உட்கார்ந்தாள். அன்றைக்கெல்லாம், அந்த மாதமெல்லாம், அவள் அப்படி உட்காரவே இல்லை. அவர் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அம்மா தோண்டிய இடத்தைப் பார்த்தாள். உள்ளே இன்னும் கொஞ்சம் நுனி இருந்தது. தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள்.

"மெதுவா" என்றார்.

"அசையாம இருங்க."

முள் வந்தது. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கிணற்றுக்குள் சுண்டி எறிந்தார். பிறகு சேலையை அவள் கக்கத்திலிருந்து உருவினார்.

"இது மோட்டார் ரூம்ல இருக்கட்டும். நீங்க வந்தப்புறம் உங்கம்மாளே கையோட கொண்டு போய்க் குடுக்கட்டும். இப்பக் குடுத்தாச்சுன்னே சொல்லிருங்க."

"அம்மாகிட்டயும் பொய்யா?"

"அம்மன்கிட்டயே ஆயிருச்சு. இனி உங்கம்மாகிட்டத்தான் பயமாக்கும்?" சொல்லிவிட்டு யோசித்தார். "அவகிட்டப் பயம்தான். சொல்லீராதீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எத்தனையோ நாளைக்கப்புறம்.

வீட்டுக்கு வந்ததும் அபிராமி பெட்டியைத் திறந்தாள். ஹூடிகளை எல்லாம் எடுத்து வெளியே போட்டாள். அலமாரிக்கு மேலே இருந்த செருப்புப் பெட்டியை இறக்கி, புதுத் தோல் வாசனையோடு அந்த ஜோடியை எடுத்து, பழைய பனியன் துணியில் சுற்றி, கொசுவலைக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். பூட்டினாள். மறுபடி திறக்கவில்லை.

நஞ்சம்மாள் கதவோரத்தில் நின்று பார்த்தாள்.

"அது உங்கப்பனுதல்ல? அது எதுக்கு அந்த நாட்டுக்கு?"

"நான் வரும்போது ஒட்டுக்காக் கொண்டு வர்றேனுங்கம்மா. அதுவரைக்கும் அப்பாவுக்கு வேண்டாமாமா."

நஞ்சம்மாள் மகளைப் பார்த்தாள். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மனுஷரின் காலைப் பார்த்தாள். அவளுக்கு என்ன விளங்கியதோ, விளங்கவில்லையோ, கீழே கிடந்த ஹூடிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் மகுடேஸ்வரன் கார் கொண்டுவந்தான். கோயமுத்தூர் வரைக்கும் அவன்தான் ஓட்டுகிறான். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அம்மிணி, இத்துனூண்டுதான் இருக்குது. நான் குடுத்த ஐட்டமெல்லாம்?" என்றான்.

"ரிஜெக்ட்டுங்ண்ணா."

"நீயுமா?"

தோட்டத்து வண்டித்தடம் தார் ரோட்டில் சேர்கிற இடம் வரைக்கும் மாரப்பன் காருக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். கார் நின்றது. அபிராமி இறங்கினாள். தார் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. அவர் ஒரு காலைத் தூக்கி மறு காலில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் பார்ப்பது தெரிந்ததும் இரண்டையும் கீழே ஊன்றினார்.

"தண்ணி நல்லாருக்கற ஊராப் பாத்துத்தான் போறீங்க. கெடாமப் பாத்துக்கங்க" என்றார்.

"நீங்க முள்ளு பாத்து நடங்க."

"போயிட்டு வாங்க கண்ணு."

கார் திரும்பியது. அபிராமி ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள். காற்றில் அவள் தலைமுடி கண்ணில் வந்து விழுந்தது. ஒதுக்கிவிட்டுப் பார்த்தாள். அவர் தாரை விட்டு இறங்கிப் புல்லோரத்தில் கால் வைத்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல், கோயில் இருக்கிற திசையாக நடந்துகொண்டிருந்தார்.